மழைக்காலத்துல மலைக்கு வர்றீங்களா? அட்டைக்கு உப்பா, புகையிலையா, சாக்ஸா, இல்ல கடிக்கட்டும்னு விட்டுடலாமா?

ஜூன் பொறந்தா போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். திருப்பூர்ல இருக்கற சித்தி பையன், கோயம்புத்தூர்ல கூட படிச்சவங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். கூடலூர் பக்கம் வர்றோம், இ-பாஸ் எல்லாம் எடுத்தாச்சு, அங்க அட்டை நெறைய இருக்குமாமே, உப்பு கொண்டு வரவா, புகையிலையா, ஆன்லைன்ல ஏதோ சாக்ஸ் விக்கறாங்களே அத வாங்கிடவா? போன மாசம் ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போயி, "அட்டை கடிச்சா கெட்ட ரத்தம் போயிடுமாமே, ஊர்ல காசு குடுத்து வெச்சுக்கறாங்க, நமக்கு ஓசில கெடைக்குதுன்னா விட்டுட வேண்டியதுதானே"ன்னு கேட்டாரு. நானும் சிரிச்சுட்டு வெச்சுட்டேன், அப்புறம் யோசிச்சா அதுவும் ஞாயமான கேள்விதான். அதனால அதையும் ஒரு வழியா சேத்துக்கிட்டு எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு பாத்துடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் பொறந்து வளந்தது சேரம்பாடி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுல. அப்பாயி சிலோன்ல இருந்து வந்தவங்க, 1964ல போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல் ஏறி வந்து டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. ஆக எங்க வீட்டுல அட்டைய பத்தி ரெண்டு நாட்டு அனுபவம் இருக்கு. இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடறேன், எங்க அக்கா பந்தலூர்ல தையல் கடை வெச்சிருக்கா, மழை சீசன்ல அட்டை சாக்ஸ் தெச்சு விக்கறா. நான் கீழ சாக்ஸ பத்தி நல்லதா சொல்றப்ப அதையும் மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

## எத வெச்சு முடிவு பண்றது

கீழ் நாட்டுல அட்டைன்னா பாதி பேருக்கு மரவட்டைதான் ஞாபகம் வருது, இன்னும் கொஞ்சம் பேருக்கு குளத்துல எருமை கால்ல ஒட்டற பெரிய நீர் அட்டை. இங்க இருக்கறது ரெண்டும் இல்ல. தரையில வாழற அட்டை, ஹீமடிப்சான்னு சொல்ற இனம், பசியில இருக்கறப்ப தீக்குச்சி நீளம்கூட இருக்காது, பாக்க நூல் துண்டு மாதிரி இருக்கும். மண்புழுவுக்கு தூரத்து சொந்தம். ரெண்டு முனையிலயும் ஒட்டற உறிஞ்சி இருக்கு, அஞ்சு ஜோடி கண்ணு, வாய்க்குள்ள மூணு தாடை. அட்டைய மெத்தையில வெச்சாலும் அது செத்தையத்தான் தேடும்னு சொல்றது திட்டறதுக்கு சொன்ன பழமொழி, ஆனா அட்டைக்கு அது நூத்துக்கு நூறு உண்மை. வெயில் காலம் முழுக்க ஈரச் செத்தைக்கு அடியில, மண்ணுக்குள்ள பம்மிக்கிட்டு கெடக்கும், மழை பேஞ்சு தரை நனஞ்சதும் மேல வந்து எல நுனில பின் உறிஞ்சிய ஊணிக்கிட்டு ஒடம்ப நீட்டி ஆட்டிக்கிட்டே நிக்கும்.

இதுல இருந்தே நமக்கு வேண்டிய அளவுகோல் எல்லாம் கெடைச்சிடும்.

மழையில நிக்குமா? அட்டை வர்றதே ஈரத்துலதான். காஞ்ச நாள்ல நல்லா வேலை செஞ்சு மழையில கரைஞ்சு போற மருந்து எதுக்கு? நீலகிரிலயே தேவாலா பக்கம் மழை எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். அந்தப் பக்கம் அவலாஞ்சில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சுச்சு. அந்த ஊர்ல நின்னுக்கிட்டு கால்ல க்ரீம் தடவறத நெனச்சு பாருங்க.

நூல் நுழையற சந்து இருக்கா? பசிச்ச அட்டை ஒடம்ப எவ்ளோ வேணா மெல்லிசாக்கும். ஷூ லேஸ் ஓட்டை, சாதாரண பின்னல் சாக்ஸோட கண்ணு, ஜீன்ஸ் பேன்ட் அடி மடிப்பு எல்லாமே அதுக்கு திறந்த கதவுதான்.

நின்னா என்ன ஆகும்? நம்ம கால் அதிர்வு, ஒடம்பு சூடு, மூச்சுக்காத்து இதெல்லாம் அதுக்கு தெரியும். வேகமா நடந்து போறவன விட போட்டோ எடுக்க நிக்கறவனுக்குத்தான் நெறைய ஏறும். வரிசையா போனா மொதல்ல போறவன் எழுப்பி விடுவான், ரெண்டாவது மூணாவது ஆளுக்கு கடி. எங்க வீட்டுல கடைசியா பொறந்ததால எனக்கு இது நல்லாவே தெரியும்.

அப்புறம் நம்ம தோலுக்கு அது என்ன பண்ணும், எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா மறுபடி போடணும், கையில எடுத்துட்டு போற தொல்லை, சோலைக்குள்ள இருக்கற மத்த உயிருக்கு என்ன ஆகும், இதுங்க நாலும். காச கடைசில வெச்சேன், ஏன்னா எல்லாமே மலிவுதான், மறைஞ்சு இருக்கற செலவுதான் வேற வேற.

## வழி 1: உப்பு

எல்லாரும் மொதல்ல சொல்றது இதுதான், சமையக்கட்டுல இருந்து ஒரு கை அள்ளிட்டு வந்தா போதும். அட்டையோட தோல் வழியா தண்ணி ஈஸியா வெளிய வந்துடும், உப்பு பட்டதும் சுருண்டு விழுந்துடும். அதுல சந்தேகமே இல்ல.

ஆனா ஜனங்க பண்ற தப்பு என்னன்னா உப்ப சாக்ஸுக்குள்ள கொட்டிக்கிட்டு கெளம்பறது. அஞ்சு நிமிஷம் மழையில உப்பு கரைஞ்சு ஷூவுக்குள்ள எறங்கிடும், அப்புறம் தடுப்பும் கெடையாது, மிச்சம் இருக்கறது ஈரக்கால்ல உப்பு உரசற எரிச்சல்தான், சாயங்காலம் கழட்டி பாத்தா விரல் இடுக்கெல்லாம் வெந்த மாதிரி செவந்து கெடக்கும். உப்ப ஒழுங்கா பயன்படுத்தறது எப்படின்னா அப்பாயி பண்ணது மாதிரிதான், பழைய வேட்டித் துணில கல்லுப்ப முடிச்சு போட்டு ஒரு மொழ கம்பு நுனில கட்டி, அத ஈரமாக்கிட்டு, ஏறற அட்டைய ஒத்தி ஒத்தி விடறது. ஷூ மேல ஏறறப்பயே ஒரு தொடு, விழுந்துடும். அதாவது உப்பு முன்கூட்டியே தடுக்கற ஆள் இல்ல, வந்தத வெரட்டற ஆள்.

மறைஞ்ச செலவு ரெண்டு இருக்கு. ஒண்ணு, கண்ணு எப்பவும் கால் மேலயே இருக்கணும், பத்தடிக்கு ஒரு தடவ குனிஞ்சு பாத்துக்கிட்டே போனா நீங்க மலைய பாக்கவே மாட்டீங்க. ரெண்டாவது, தரையெல்லாம் உப்ப தூவிக்கிட்டே போறவங்கள பாத்திருக்கேன். அட்டைக்கு என்ன தோலோ மண்புழுவுக்கும் தவளைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான், நீங்க தூவற உப்புல சாகறது அட்டை மட்டும் இல்ல. நம்ம சோலைத் தவளைங்கள்ல பாதி வேற எந்த மலையிலயும் கெடையாதுங்க.

உப்பு முடிச்சு யாருக்கு சரி? ரெண்டு பேர், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிட்டு வந்துடற நடை, ஒருத்தராவது பாத்துக்கிட்டே வருவாங்கன்னா போதும்.

## வழி 2: புகையிலை, மூக்குப்பொடி, சுண்ணாம்பு

எஸ்டேட்ல ரொம்ப நாளா ஓடற மருந்து இதுதான். வெத்தலை போடற பாட்டிங்க கிட்ட மூணுமே இடுப்புலயே இருக்கும். புகையிலைய ஊற வெச்ச தண்ணில சாக்ஸ நனைச்சு காய வெச்சு போட்டுக்கறவங்க உண்டு, மூக்குப்பொடிய தேங்காண்ணெயில கொழச்சு கெண்டைக்கால்ல பூசறவங்க உண்டு. வேலையும் செய்யும், நானே சின்ன வயசுல பூசிக்கிட்டு திரிஞ்சவன்தான், உப்ப விட கூடுதல் நேரம் நிக்கும், எண்ணெய் இருக்கறதால உடனே கழுவிக்கிட்டு போகாது.

ஆனா இதுலதான் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. புகையிலையில இருக்கற நிக்கோட்டின் தோல் வழியாவே ஒடம்புக்குள்ள போகும், அதுவும் ஈரத் தோல்னா இன்னும் வேகமா. புகையிலை வெவசாயத்துல ஈர இலைய பறிக்கறவங்களுக்கு வாந்தி, தலைசுத்தல், வேர்வை கொட்டறதுன்னு ஒரு வியாதியே வரும், சிகரெட்டே தொடாதவங்களுக்கும் வரும். நீங்க நனஞ்ச புகையிலை சாக்ஸ நாலு மணி நேரம் கால்ல ஒட்ட வெச்சுக்கிட்டு மலை ஏறினா அதே வேலையத்தான் பண்றீங்க. எங்க வீட்டுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை பாதி வழில உக்காந்து வாந்தி எடுத்தாரு, எல்லாரும் பஸ்ல வளைவு சுத்தி வந்ததாலன்னு நெனச்சோம், நான் இப்ப யோசிக்கறது அந்த சாக்ஸாத்தான் இருக்கணும்னு. புள்ளைங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் இத சொல்லவே சொல்லாதீங்க.

சுண்ணாம்பு பத்தி ஒரே வார்த்தை, வேணாம். ஈரத்தோல்ல சுண்ணாம்பு பொத்துடும், அட்டைக்கடி ஒரு வாரத்துல ஆறிடும், அந்த புண்ணு லேசுல ஆறாது.

பழக்கப்பட்ட ஒடம்பு, ரெண்டு மணி நேர வேலை, கைல வேற எதுவும் இல்லன்னா மூக்குப்பொடி எண்ணெய் பரவால்ல. மத்தவங்க விட்டுடுங்க.

## வழி 3: எண்ணெயும் க்ரீமும்

வேப்பெண்ணெய், டெட்டால் கலந்த தேங்காண்ணெய், கடையில விக்கற கொசு க்ரீம் எல்லாத்தையும் ஒரே கூடையில போடறேன், ஏன்னா கோளாறு எல்லாத்துலயும் ஒண்ணுதான். பூசின எடத்துல அட்டை வாய் வைக்க யோசிக்கும், கொஞ்ச நேரம். ஈரப்புல்லு நூறு தடவ கால்ல உரசினதும் அந்த யோசனை போயிடும். அரை மணிக்கு ஒருக்கா நின்னு பூசணும், நிக்கறதுதான் அட்டைக்கு வேணும். டீட்னு எழுதியிருக்கற வெளிநாட்டு மருந்துங்க கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும், ஆனா அது பிளாஸ்டிக்க கரைக்கும், வாட்ச் பட்டை, கண்ணாடி பிரேம், ரெயின்கோட் மேல பட்டா பாழ். தோல்ல பூசறத விட ஷூ மேலயும் பேன்ட் அடியிலயும் பூசினா நல்லா நிக்கும்.

காருல வந்து எறங்கி ஒரு வியூ பாயின்ட் வரைக்கும் போயி திரும்பறவங்களுக்கு இது போதும். உண்மைய சொன்னா அவங்களுக்கு வெறும் ஷூவும் வேகமான நடையும் கூட போதும். வெயில் படற ரோட்டோரத்துல அட்டை அவ்வளவா இருக்காது, செத்தை தேங்கற எடம், கான் (தண்ணி ஓடற வாய்க்கால்) ஓரம், ஏலக்காய் தோட்டம், சோலை உள்பக்கம் இங்கதான் கூட்டம்.

## வழி 4: அட்டை சாக்ஸ்

பேருதான் சாக்ஸ், பாத்தா முட்டி வரைக்கும் வர்ற துணிப் பை. நெருக்கமா நெஞ்ச காட்டன்ல, அக்கா காடா துணில தெக்கறா, கால் மாதிரி வெட்டி தெச்சு மேல நாடா போட்டு முட்டிக்கு கீழ இறுக்கி கட்டறது. உங்க சாதா சாக்ஸ் மொதல்ல, அது மேல பேன்ட்ட உள்ள விட்டு இது, அதுக்கு மேல ஷூ. துணி நெசவுல கண்ணு இல்லாததால அட்டையால உள்ள பூர முடியாது, கடிக்கவும் முடியாது. வெளிப்பக்கமா ஏறும், ஏறட்டும், வெள்ளைத் துணில கறுப்பா தெரியும், சுண்டி விட்டுடலாம்.

மழையில கரைய இதுல ஒண்ணுமே இல்ல. தோலுக்கு எரிச்சல் இல்ல. தவளைக்கு தொந்தரவு இல்ல. நாலு சீசன் வரும்.

சரி, அக்கா கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, இதோட கோளாறையும் சொல்லிடறேன். ஒண்ணு, ஷூ இறுகும். ரெண்டு சாக்ஸ் மேல ஷூ போட்டா பாதி சைஸ் கூட இருந்தாத்தான் விரல் நோகாம நடக்கலாம், இது தெரியாம போட்டுக்கிட்டு எறக்கத்துல நகம் கறுத்தவங்க எத்தனையோ பேர். ரெண்டு, நனஞ்சா கனம், காயறதுக்கு இந்த ஊர் மழையில ரெண்டு நாள் ஆகும், அடுப்பு மேல கொடி கட்டி தொங்க விட்டாத்தான் உண்டு, அதனால தொடர்ந்து நடக்கறவங்களுக்கு ரெண்டு ஜோடி வேணும். மூணாவதுதான் முக்கியம், சாக்ஸ் போட்டுக்கிட்டா அட்டையே இல்லன்னு நெனச்சுக்கறாங்க. அது கெண்டைக்கால்ல ஏற முடியலன்னா தொடைக்கு ஏறும், தொடையிலயும் துணின்னா இடுப்புக்கு, அப்புறம் கழுத்துக்கு. பாறையில உக்காந்தா பின்னாடி வழியா வரும். மரத்துல இருந்து மேல குதிக்குதுன்னு சொல்றவங்க எல்லாம் இப்படி கீழ இருந்து கவனிக்காம விட்டு கழுத்துல கண்டுபிடிச்சவங்கதான். சட்டைய பேன்ட்டுக்குள்ள விடுங்க, உக்கார்றதா இருந்தா ரெயின்கோட்ட விரிச்சு உக்காருங்க, எந்திரிக்கறப்ப ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துக்கங்க.

இன்னொரு லாபம் யாரும் கணக்குல சேக்கறது இல்ல. உண்ணி. அட்டை நமக்கு பெரிய வியாதி எதையும் பரப்பறதா இல்ல, ஆனா காட்டு உண்ணி அப்படி இல்ல, கொரங்கு காய்ச்சல் உண்ணி வழியாத்தான் வருது, முதுமலை பக்கம் அது வந்ததும் உண்டு. பேன்ட்ட உள்ள விட்டு கட்டற துணி உண்ணிக்கும் தடைதான். உப்பு முடிச்சு உண்ணிய ஒண்ணும் பண்ணாது.

கம்பூட்ஸ், அதான் ஒசரமான ரப்பர் பூட்ஸ், போட்டா போதாதான்னு கேப்பீங்க. கொழுந்து எடுக்கறவங்க அதத்தான் போடறாங்க, கூட இடுப்புல பிளாஸ்டிக் படுதா. பாம்புக்கும் சேறுக்கும் நல்லது. அட்டைக்கு மேல்வாய் திறந்து கெடக்கறதால ஏறி உள்ள எறங்கிடும், எறங்கினத கழட்டாம எடுக்க முடியாது. ஏத்தத்துல நடக்கவும் லாயக்கு இல்ல.

ஒரு பார்வையில பாக்கணும்னா:

| வழி | மழையில | மறுபடி எப்ப | தோலுக்கு | மறைஞ்சு இருக்கற செலவு |
|---|---|---|---|---|
| உப்பு முடிச்சு | கரையும், அப்பப்ப மாத்தணும் | ஒவ்வொரு அட்டைக்கும் | புண்ணுல பட்டா எரியும் | கவனம் முழுக்க கால்லயே, தரையில கொட்டினா தவளைக்கு சாவு |
| மூக்குப்பொடி எண்ணெய் | கொஞ்சம் தாங்கும் | ரெண்டு மணி நேரம் | வாந்தி, தலைசுத்தல் வரலாம் | புள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது |
| க்ரீம், வேப்பெண்ணெய் | போயிடும் | அரை மணி | பரவால்ல | நின்னு நின்னு பூசறதே வெனை |
| அட்டை சாக்ஸ் | நிக்கும் | தேவையில்ல | ஒண்ணும் இல்ல | ஷூ சைஸ், காய வைக்கறது, அசால்ட்டு |
| சும்மா விடறது | மழை அதுக்கு கொண்டாட்டம் | | அரிப்பு ஒரு வாரம் | கீழ படிங்க |

## வழி 5: கடிக்கட்டும், நல்லதுதானே

இதுக்குத்தான் நான் இவ்ளோ தூரம் வந்தேன்.

அட்டை கடிக்கறது தெரியாது, மூணு தாடையால தோல மூணு முனை நட்சத்திரமா அறுத்து, பென்ஸ் கார் சின்னம் மாதிரி ஒரு அடையாளம், குடிக்க ஆரம்பிக்கும். குடிக்கறப்ப அதோட எச்சில்ல இருந்து ஹிருடின் மாதிரி ஒரு சரக்கு நம்ம ரத்தத்துல கலக்கும். ரத்தம் ஒறைய த்ராம்பின்னு ஒண்ணு வேணும், ஹிருடின் அத புடிச்சு கட்டிப் போட்டுடும். அட்டையோட எச்சில்ல ரத்தம் ஒறையாம தடுக்கற சக்தி இருக்குன்னு 1884லயே ஹேகிராஃப்ட்டுன்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு. அதனாலதான் அட்டை வயிறு நெறஞ்சு தானா விழுந்து போன பின்னாடியும் மணிக்கணக்குல ரத்தம் கசியுது. கீழ இருந்து வர்றவங்க அட்டையே இல்லாம வெள்ளை சாக்ஸ் செகப்பானத பாத்து அலறறது இதனாலதான். போன ரத்தம் கம்மி, மழைத்தண்ணில பரவி நெறைய மாதிரி தெரியும்.

இப்ப ஆஸ்பத்திரி அட்டைக்கு வருவோம். அது பொய் இல்ல, நெசம். துண்டான விரலையோ காதையோ ஒட்டு போடறப்ப ரத்தம் கொண்டு வர்ற தமனிய தெச்சுடுவாங்க, திருப்பி எடுத்துட்டு போற சிரை ரொம்ப மெல்லிசு, அது சரியா வேலை செய்யலன்னா ரத்தம் உள்ளயே தேங்கி விரல் நீலமாயிடும். அங்க அட்டைய விட்டா தேங்கின ரத்தத்த குடிக்கும், குடிச்சுட்டு போன பின்னாடியும் கசிய விடும், அதுக்குள்ள புது சிரை வளந்துடும். பாஸ்டன்ல 1985ல ஒரு சின்னப் பையனோட காத இப்படித்தான் காப்பாத்தினாங்க. அமெரிக்காவுல 2004ல அட்டைய மருத்துவக் கருவின்னே சொல்லி அனுமதி குடுத்தாங்க, கத்தி கத்திரிக்கோல் மாதிரி அதுவும் ஒரு கருவி! ஹிருடின மாதிரி பாத்து செஞ்ச பைவாலிருடின்னு ஒரு மருந்த இதயத்துக்கு ஆஞ்சியோபிளாஸ்டி பண்றப்ப குடுக்கறாங்க.

நம்ம சித்த மருத்துவத்துலயும் புறமருத்துவம் முப்பத்திரண்டுல அட்டை விடலும் ஒண்ணு. சுஸ்ருதர் நூல்ல அட்டைக்குன்னே ஒரு அத்தியாயம், அதுல பன்னெண்டு வகை சொல்லி ஆறு விஷமுள்ளது, ஆறுதான் ஒடம்புல விடலாம்னு பிரிச்சிருக்காரு. அதாவது கண்ட அட்டையும் ஆகாதுன்னு அந்தக் காலத்துலயே தெளிவா இருந்திருக்காங்க.

அப்ப காட்டு அட்டைக்கும் மருந்து அட்டைக்கும் என்ன வித்தியாசம்? மொதல்ல இனமே வேற. மருந்துக்கு எடுக்கறது தண்ணி அட்டை, பெருசு, ஒரு தடவைக்கு 5 முதல் 15 மில்லி வரைக்கும் குடிக்கும், எங்க விடணும் எத்தனை விடணும் எப்ப எடுக்கணும்னு வைத்தியர் பக்கத்துல இருந்து பாப்பாரு. ஒருத்தருக்கு விட்ட அட்டைய இன்னொருத்தருக்கு விடக்கூடாது. ரெண்டாவது, அட்டையோட குடல்ல ஏரோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா குடும்பம் நடத்துது, அது ரத்தத்த செரிக்க ஒத்தாசை பண்றது, ஆனா நம்ம புண்ணுக்குள்ள போனா சீழ் வைக்கும். அதனாலதான் ஆஸ்பத்திரில அட்டை விட்டா கூடவே ஆன்டிபயாட்டிக்கும் குடுக்கறாங்க. உங்கள கூடலூர்ல கடிக்கற அட்டைக்கு பின்னாடி ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுக்க ஆள் நிக்கல.

கெட்ட ரத்தம் பத்தியும் சொல்லிடறேன். அட்டைக்கு நல்ல ரத்தம் கெட்ட ரத்தம்னு பிரிச்சு குடிக்கற சல்லடை எதுவும் இல்ல. கெண்டைக்கால்ல ஓடறது ஒரு நிமிஷம் முன்னாடி இதயத்துல ஓடினதுதான். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும்னு நெனச்சுடாதீங்க, பிரான்ஸ்ல 1833ல ஒரே வருஷத்துல நாலு கோடிக்கு மேல அட்டைய எறக்குமதி பண்ணாங்க, தலைவலிக்கும் அட்டை, காய்ச்சலுக்கும் அட்டை. குளத்துல அட்டை தீந்து போச்சே தவிர வியாதி தீரல.

ஆக முட்டி வலிக்கோ சிரை நோவுக்கோ அட்டை விட்டுக்கணும்னு நெனச்சா படிச்ச சித்த மருத்துவர் கிட்ட போங்க, ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டு போங்க. காட்டுல ஓசில வேணாம். முக்கியமா ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை, வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி, சாப்பிடறவங்க, ரத்த சோகை இருக்கறவங்க, சர்க்கரையால கால் மரத்துப் போனவங்க ஒரு அட்டையையும் அசட்டையா விடக்கூடாது. நம்ம கூடலூர் பக்கம் பழங்குடி குடும்பங்கள்ல சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்த நோய் இருக்கறதும் தெரிஞ்ச விஷயம், அவங்களுக்கு ஏற்கனவே ரத்தம் கம்மி, கெட்ட ரத்தம்னு சொல்லிக்கிட்டு இருக்கறதயும் எடுத்துடாதீங்க.

## கடிச்சிருச்சு, இப்ப எப்படி எடுக்கறது

இதுலயும் நாலு கட்சி இருக்கு. நெருப்பு வெச்சு சுடறது, உப்பு போடறது, புடிச்சு இழுக்கறது, நகத்தால எடுக்கறது.

சிகரெட் நெருப்பும் உப்பும் பாக்க வேகமா தெரியும். ஆனா அட்டை வலில துடிக்கறப்ப வயித்துல இருக்கறத கடிச்ச எடத்துலயே கக்கிடும், மேல சொன்ன ஏரோமோனாஸ் ஞாபகம் இருக்கா, அதோட. நெருப்புல உங்க காலும் சுடும். ஒடம்புல ஏறாம துணி மேல இருக்கறதுக்கு உப்பு சரி, கடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு வேணாம். வெடுக்குனு இழுத்தா புண்ணு கிழிஞ்சு பெருசாகும், பாதி நேரம் அது ரப்பர் மாதிரி நீண்டுக்கிட்டே போகுமே தவிர விடாது.

நகம்தான். மெல்லிசா இருக்கற முனைதான் வாய், தடிமனா இருக்கறது பின்பக்கம், பயத்துல எல்லாரும் தடிமனான பக்கத்தத்தான் மொதல்ல புடிப்பாங்க. வாய் ஒட்டியிருக்கற எடத்துக்கு பக்கத்துல தோல ஒட்டினாப்புல நகத்த வெச்சு ஓரமா தள்ளுங்க, பிடி விட்டுடும், உடனே பின்பக்கத்தையும் அதே மாதிரி. இப்ப அது உங்க விரல்ல ஒட்டப் பாக்கும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வேகமா உருட்டுங்க, உருண்டை ஆனதும் ஒட்ட தெரியாது, சுண்டி விடுங்க. நசுக்கிக் கொல்லணும்னு இல்ல. அந்த வயித்துல யாரோட ரத்தம் இருக்குன்னு பாத்தே வியட்நாம்ல யாரும் நேர்ல பாக்க முடியாத காட்டு முயல் இன்னும் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, 2012ல, டிஎன்ஏ எடுத்து. நம்ம சோலையில உங்களுக்கு முன்னாடி அது கடிச்சது ஒரு கேளையாட்டையாவும் இருக்கலாம்.

எடுத்த பின்னாடி சோப்பு போட்டு கழுவி, சுத்தமான துணிய வெச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் அழுத்தி புடிங்க, நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க. எங்க பக்கம் பீடிக்கட்டு காயிதத்த ஒட்டுவாங்க, கம்யூனிஸ்ட் பச்சைன்னு சொல்ற களைச்செடியோட இலைய கசக்கி சாறு விடுவாங்க, ரத்தம் நிக்கத்தான் செய்யுது, ஆனா ஒரு பேண்ட்-எய்ட் சட்டைப்பையில இருந்தா அதையே போடுங்க. அப்புறம் ஒரு வாரம் அரிக்கும், சொறிஞ்சா புண்ணாகும், அட்டைக்கடில சீழ் வைக்கறது பாதி நம்ம நகத்தாலதான். செவந்து சூடாகி வீங்கிக்கிட்டே போனாலோ, ஒடம்பெல்லாம் தடிப்பு வந்து மூச்சு இழுத்தாலோ, ராத்திரி வரைக்கும் ரத்தம் நிக்கலன்னாலோ ஆஸ்பத்திரிக்கு போங்க. கண்ணுக்குள்ள, மூக்குக்குள்ள போனா நீங்களா தோண்டாதீங்க. ஓடைத்தண்ணில வாய் வெச்சு குடிக்காம இருந்தாலே மூக்கு அட்டை கதை பாதி தீந்துடும்.

## சாக்ஸ் வாங்கறதா முடிவு பண்ணவங்களுக்கு

கடையில தொட்டுப் பாத்து வாங்கறப்ப துணிய வெளிச்சத்துக்கு நேரா புடிங்க, பொட்டு பொட்டா வெளிச்சம் தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. வெள்ளை, இல்ல வெளிர் மஞ்சள் கலர் எடுங்க, கறுப்பு கலர்ல அட்டை ஏறறது தெரியாது. தையல் எல்லாம் உள்பக்கமா மடிச்சு ரெட்டைத் தையலா இருக்கணும், குதிகால்ல பிரியற தையல் வழியாத்தான் உள்ள வரும். எலாஸ்டிக் வெச்சது பாக்க நல்லா இருக்கும், ரெண்டாவது சீசன்ல தொளதொளன்னு ஆயிடும், நாடா போட்டதே மேல்.

உங்க ஊர்லயே தைக்க குடுக்கறதா இருந்தா டெய்லர் கிட்ட ஷூ சைஸ் சொல்லாதீங்க. அவருக்கு வேண்டியது மூணு அளவு, பாத நீளம், குதிகாலையும் சேத்து கணுக்கால் சுத்தளவு, அப்புறம் முட்டிக்கு நாலு விரக்கட கீழ கெண்டைக்கால் சுத்தளவு. கடைசி அளவ பேன்ட் போட்டுக்கிட்டே எடுங்க. மாப்பிள்ளை பேன்ட் இல்லாம எடுத்த அளவ போன்ல சொல்லி, அக்கா அப்படியே தெச்சு அனுப்பி, அவரு இங்க வந்து கட்ட முடியாம ஒரு கால்ல மட்டும் போட்டுக்கிட்டு நடந்தாரு. போடாத கால்ல பதினாலு கடி, அவரே எண்ணினாரு.